பிட்டி ஏர்லியின் நீலக் குப்பி: அயர்லாந்தின் கிழக்குக் கிளேர் பற்றி ஓர் இழை

ஷானன்கரை:

லிமரிக்கில் இருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கிளேர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு. சுற்றுலா வருகிறவர்கள் மேற்கே மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஏரிகள், மேய்ச்சல் நிலம், சின்ன ஊர்கள்: ஃபீக்கிள், ஸ்காரிஃப், டூம்கிரேனி, போடைக், கில்லலூ. ஆனால் இந்த ஐந்து ஊருக்குள் புழங்குகிற கதைகளை எழுதப் போனால் இழை நீண்டுவிடும். நீளட்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

முதலில் பிட்டி ஏர்லி. 1798 வாக்கில் ஃபீக்கிள் பக்கம் ஃபாஹா என்ற இடத்தில் பிறந்தவள். நாட்டு வைத்தியம் பார்த்தாள், குறி சொன்னாள். அவளிடம் ஒரு நீலக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் பார்த்தால் வந்தவனுக்கு என்ன நோய், பிழைப்பானா மாட்டானா, காணாமல் போன மாடு எங்கே என்பதெல்லாம் தெரியும் என்பார்கள். குப்பியைக் கொடுத்தது செத்துப்போன மகன் என்று ஒருவர் சொல்வார், அண்ணன் என்று இன்னொருவர், ஃபேரிகளே (ஐரிஷ் கதைகளில் வரும் மாய மனிதர்கள்) கொடுத்தார்கள் என்று மூன்றாமவர். காசு வாங்க மாட்டாள். விஸ்கியோ வீட்டில் காய்ச்சிய போச்சீன் சாராயமோ கொண்டு வருவார்கள். அதனால் அவள் வீட்டில் எப்போதும் சரக்கு இருக்கும், சீட்டாட்டம் நடக்கும், பங்குச் சாமியாருக்கு எரிச்சலாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது மருந்துக் கதைதான். மருந்தைச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, 'போகிற வழியில் இன்ன பாலத்தில் குதிரை மிரளும், புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்' என்பாள். அவன் போவான், அதே இடத்தில் குதிரை எகிறும். புட்டி தப்பினால் நோயாளி பிழைப்பான், உடைந்தால் போனான். இந்தக் கதை வேறு வேறு பாலங்களின் பெயரோடு வழங்குகிறது. கேட்கிறவர் நேற்றுகூட அந்தப் பாலத்தைத் தாண்டி வந்திருப்பார் என்பதுதான் இதில் விஷயம்.

நான் பேச நினைப்பது இதுதான். இந்த வட்டாரத்தில் எந்த நினைவு பெயரோடும் இடத்தோடும் நிற்கிறது, எது பெயரில்லாமல் கரைந்துவிடுகிறது? பிட்டியின் வீடு எங்கே இருந்தது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அதே ஊரில் செத்தவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் பதில் வராது. ஏன்?

குறும்பு:

கடைசியில் குப்பி என்ன ஆச்சு? அதைச் சொல்லாமல் பஞ்சத்துக்குப் போனால் எப்படி?

ஷானன்கரை:

@குறும்பு 1870களின் தொடக்கத்தில் செத்தாள். சாகும்போது சாமியார் வந்து சாகிறவர்களுக்குச் செய்யும் எண்ணெய்ச் சடங்கான அவஸ்தை பூசியதாகவும், குப்பியை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருக்கும் கில்பாரன் ஏரியில் எறிந்ததாகவும் கதை. தேடியவர்களும் உண்டு. கிடைக்கவில்லை.

தாவா:

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. இணையத்தில் பிட்டி ஏர்லி என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே வரி: '1865ல் என்னிஸ் நீதிமன்றத்தில் 1586ஆம் ஆண்டு சூனியத் தடைச் சட்டத்தின்கீழ் அவள்மேல் வழக்கு, சாட்சி சொல்ல யாரும் வராததால் தள்ளுபடி.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அயர்லாந்தின் அந்த 1586 சட்டம் 1821லேயே நீக்கப்பட்டுவிட்டது. இல்லாத சட்டத்தின்கீழ் 44 ஆண்டு கழித்து யார் வழக்குப் போட முடியும்?

வேறு ஏதாவது பிரிவில், மக்களை ஏமாற்றியதாகவோ அனுமதியில்லாமல் சாராயம் வைத்திருந்ததாகவோ கூப்பிட்டு விசாரித்திருந்தால் நம்பலாம். சூனிய வழக்கு என்பது பின்னால் ஒட்டிய அலங்காரம்.

மேகலா:

@தாவா அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டால் முக்கியமானது போய்விடும். அந்த வரியில் ஊர் பெருமைப்படுவது எதற்கு? வழக்கு வந்ததற்கு இல்லை, சாட்சிக்கு ஒரு ஆள்கூடப் போகாததற்கு. அரசாங்கமும் சாமியாரும் ஒரு பக்கம், ஊர் மறுபக்கம், நாங்கள் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கு அந்த வழக்கு தேவைப்பட்டிருக்கிறது. சட்டப் பிரிவு தப்பு என்பதால் அந்த உணர்ச்சி பொய்யாகிவிடாது.

இன்னொன்று. நான்கு முறை கல்யாணம் செய்தவள், ஆனால் எந்தக் கணவன் பெயராலும் அவளை யாரும் சொல்லவில்லை. ஏர்லி என்பது அம்மா வழிப் பெயர் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு கத்தோலிக்கக் கிராமத்தில் இது சாதாரணம் இல்லை.

தாவா:

உணர்ச்சியை நான் மறுக்கவில்லை அம்மா. ஊரின் நினைவைப் பற்றி இழை போட்டுவிட்டு எது நடந்தது, எது நடக்க வாய்ப்பே இல்லை என்று பிரிக்காமல் பேசக்கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

குறும்பு:

ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் ஐரிஷ் விளையாட்டு) சாபத்தை யாரும் சொல்லவில்லையே! கிளேர் அணி 1914ல் அகில அயர்லாந்துக் கோப்பை வாங்கியது. அடுத்தது 1995. நடுவில் 81 வருடம். தோற்கும்போதெல்லாம் 'பிட்டி ஏர்லி சாபம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தாவா:

அந்த விளையாட்டுச் சங்கமே 1884ல்தான் தொடங்கியது. அவள் போய்ப் பத்து வருடத்துக்கு மேல். சபிப்பதற்கு அணியே இல்லை.

ஷானன்கரை:

அது ஊர்க்காரர்களுக்கும் தெரியும், அதைச் சொல்லிச் சிரிப்பவர்களும் அவர்களே. 1995ல் ஜெயித்த அணியின் மேலாளர் ஜெர் லாக்னேன் எந்த ஊர் தெரியுமா? ஃபீக்கிள். சாபம் போட்டவள் ஊர்க்காரனே வந்து சாபத்தை எடுத்தான் என்று கதை தானாகவே முடிந்துவிட்டது. இனி எந்த வரலாற்று ஆசிரியர் வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது.

யாழ்வழி:

வணக்கம். நான் டப்ளினில் இருக்கிறேன். ஷானன்கரை அண்ணை கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகிற ஒரு விஷயம். இந்தக் கதைகள் எங்களுக்கு எப்படிக் கிடைத்தன என்று பார்க்க வேணும்.

அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1935ல் தொடங்கியது. 1937 முதல் 1939 வரை அவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: தொடக்கப் பள்ளிக்கூடங்களின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். 26 மாவட்டங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் இதில் சேரவில்லை. எதைக் கேட்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடும் போனது: ஊர்க் கிணறு, புதையல், மழைக்குறி, வைத்தியம், நிலச்சுவான்தார்கள், பஞ்சகாலம், ஃபேரிக் கோட்டைகள். மொத்தம் 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கம் சேர்ந்தது. இப்போது எல்லாம் டூகஸ் இணையதளத்தில் படமாகவே கிடைக்கிறது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்கிறார்கள்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கோடு போட்ட எழுத்து. சொன்னவர் யார், எந்த ஊர், என்ன வயது என்று கீழே குறித்திருக்கும். 1938ல் 80 வயதுக் கிழவர் என்றால் 1858ல் பிறந்தவர், பிட்டியை நேரில் பார்த்த தலைமுறைக்குப் பேரன் முறை இல்லை, மகன் முறை. கதை அவ்வளவு கிட்டத்தில் இருந்து வருகிறது.

ஆனால் ஒன்று கவனியுங்கோ. நடுவில் ஆசிரியர் இருக்கிறார். பிள்ளையின் கொப்பியில் இருந்து நல்லதைப் பொறுக்கிப் பெரிய புத்தகத்தில் ஏற்றியது ஆசிரியர்தான், பிள்ளையும் பல இடத்தில் எழுதியது. பங்குச் சாமியார் வாசிப்பார் என்று தெரிந்துகொண்டு எழுதியதும் கனபேர் இருப்பார்கள். சொல்லாமல் விட்டது எது என்று அந்தப் பக்கங்கள் சொல்லாது.

நெடுஞ்சாலை:

நான் சாலைப் பொறியாளன், ஆவி பூதம் எனக்கு ஆகாது. ஆனால் இந்த மாவட்டம் என்றதும் ஒரு மரம் ஞாபகம் வருகிறது, எங்கள் துறையில் கொஞ்சம் பிரபலமானது.

கிழக்குப் பக்கம் இல்லை, கிளேரின் தெற்கில், நியூமார்க்கெட் ஆன் ஃபெர்கஸ் அருகே லாட்டூன். 1999ல் அங்கே லிமரிக்–கால்வே சாலையை அகலப்படுத்தினார்கள். தடத்தில் ஒற்றையாக ஒரு முள்மரம், மே மாதம் வெள்ளையாகப் பூக்கும் வகை. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி, பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஐரிஷ் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார்: மன்ஸ்டர் மாகாணத்து ஃபேரிகள் கனாக்ட் மாகாணத்து ஃபேரிகளோடு சண்டைக்குப் போகும்போது கூடுகிற இடம் அது, வெட்டினால் அந்தச் சாலையில் விபத்து வரும். செய்தி உலகம் பூராவும் போனது. மாவட்ட நிர்வாகம் மரத்தை விட்டுவைத்து, சுற்றி வேலி போட்டு, வேலையை முடித்தது.

'ஃபேரிக்குப் பயந்து சாலையை வளைத்தார்கள்' என்பது பத்திரிகைத் தலைப்பு. திட்டத்தில் கொஞ்சம் மாற்றி ஒரு மரத்தைக் காப்பாற்றுவது எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. ஊர்க்காரன் கோபத்தோடு சாலை போடுவதுதான் பெரிய வேலை. 2002ல் யாரோ ரம்பத்தால் கிளைகளை அறுத்துப் போட்டார்கள். மரம் மறுபடி துளிர்த்துவிட்டது.

மேகலா:

@நெடுஞ்சாலை அந்த நம்பிக்கையால் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. வயல் நடுவில் வட்டமாக மண்மேடு நிற்குமே, ஊர்க்காரர்கள் ஃபேரிக் கோட்டை என்பார்கள், தொல்லியல்காரர்கள் முற்கால இடைக்காலத்துப் பண்ணை வீட்டின் சுற்றுச்சுவர் என்பார்கள். நாடு பூராவும் நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தேசிய நினைவுச்சின்னச் சட்டம் வந்தது 1930ல். அதற்கு முன்பெல்லாம் அவற்றில் பலவற்றை உழாமல் காத்தது 'தொட்டால் கை விளங்காமல் போகும்' என்ற பயம்தான்.

ஏடும்எழுத்தும்:

ஃபீக்கிளைப் பற்றிப் பேசிவிட்டு கவிஞர் பிரையன் மெரிமனை விட்டுவிட்டீர்களே! ஊர்க் கல்லறையில்தான் அவர் கிடக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பள்ளி வாத்தியார், கிரேனி ஏரிப் பக்கம் கொஞ்சம் நிலமும் வைத்திருந்தார். 1797ல் ஆளிச் செடிச் சாகுபடிக்காக (லினன் நூல் தரும் செடி) டப்ளின் சங்கத்தின் பரிசு இரண்டு வாங்கியிருக்கிறார். அந்த மனுஷன் 1780 வாக்கில் ஐரிஷ் மொழியில் ஆயிரம் அடிக்கு மேல் ஒரு கவிதை எழுதி வைத்திருக்கிறார், நள்ளிரவு நீதிமன்றம் பற்றி.

கதை இதுதான். வாத்தியார் ஏரிக்கரையில் தூங்குகிறார். பூதம் போல ஒரு பெண் அமீனா வந்து அவரைத் தரதரவென்று ஃபீக்கிளில் கூடியிருக்கும் நீதிமன்றத்துக்கு இழுத்துப் போகிறாள். நீதிபதி ஈவல், ஃபேரிகளின் அரசி. ஓர் இளம்பெண் எழுந்து, இந்த ஊர் ஆண்கள் கல்யாணமே செய்துகொள்வதில்லை, செய்தாலும் பணக்காரக் கிழவியைத்தான் செய்கிறார்கள் என்று வெளுத்து வாங்குகிறாள். ஒரு கிழவன் மறுத்துப் பேசுகிறான். சாமியார்களும் கல்யாணம் செய்துகொள்ளலாமே என்ற பேச்சும் அங்கே வருகிறது! தீர்ப்பு: 21 வயது ஆகியும் மணமாகாத ஆணை மரத்தில் கட்டி அடிக்கலாம். முதல் அடி வாத்தியாருக்கே விழப் போகிறபோது விழிப்பு வந்துவிடுகிறது.

இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை 1946ல் தணிக்கை வாரியம் தடை செய்தது. ஐரிஷ் மூலத்தை யாரும் தடை செய்யவில்லை. ஐரிஷில் படித்தால் கெட்டுப்போக மாட்டார்கள் போல.

ஷானன்கரை:

@ஏடும்எழுத்தும் ஈவலை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. அவள் கில்லலூவுக்கு மேலே கிராக்லே பாறையில் குடியிருப்பவள். 1014ல் குளோன்டார்ஃப் போருக்கு முந்தின இரவு பிரையன் போரு அரசனிடம் வந்து நாளை நீ சாவாய் என்று சொன்னதாகக் கதை; அவனும் அந்தப் போரில்தான் செத்தான். அவன் அரண்மனை இருந்தது கில்லலூவில். 1014ல் அரசனுக்குச் சாவு சொன்னவளை 1780ல் வாத்தியார் கல்யாண வழக்குக்கு நீதிபதியாக உட்கார வைத்துவிட்டார். இந்த ஊரில் பழைய பெயர்கள் சும்மா இருப்பதில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, அமீனா என்றதும் போடைக். 1887 ஜூன். கர்னல் ஓ'கலகன் என்ற நிலச்சுவான்தார், குத்தகை கட்ட முடியாதவர்களை வெளியேற்ற அமீனா, போலீஸ், பட்டாளம் எல்லாவற்றையும் இறக்கினார். குடியானவர்கள் கதவு ஜன்னலைக் கல்லாலும் மரத்தாலும் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். கடப்பாரையோடு வந்தவர்கள் மேல் ஜன்னல் வழியாகக் கொதிக்கிற தண்ணீரும் கஞ்சியும் வந்தன. தேனீக்கூட்டையும் ஏவிவிட்டார்கள். குடியானவர் இயக்கத் தலைவர் மைக்கேல் டேவிட் அங்கே வந்து எதிர்க்கச் சொன்னார், லண்டன் நிருபர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓ'ஹாலரன் வீட்டுப் பெண்கள் போட்ட சண்டையை ஊரில் இன்னும் சொல்வார்கள். எந்த வீடு, எந்த ஜன்னல் என்பது வரை.

இதில் தாவா பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. சொல்வதும் பத்திரிகையில் வந்ததும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

தாவா:

ஒப்புக்கொள்கிறேன். நிருபர் நின்றால் கதை கட்டுக்குள் இருக்கும்.

மேகலா:

அப்படி என்றால் கில்லலூ பாலத்தை என்ன சொல்வீர்கள்? அங்கே நிருபர் இல்லை. 1920 நவம்பர் 16 இரவு. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சண்டையிட்ட ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் ஸ்காரிஃப் ஆட்கள் மூன்று பேர், ஆல்ஃபி ராட்ஜர்ஸ், மைக்கேல் மக்மஹன், மார்ட்டின் கில்டே, டெர்க் ஏரிக்கரையில் வில்லியம்ஸ்டவுன் வீட்டில் ஒளிந்திருந்தபோது பிடிபட்டார்கள். அந்த வீட்டுக் காவல்காரர் மைக்கேல் ஈகனையும் சேர்த்துப் பிடித்தார்கள். அவர் இயக்கத்து ஆள் இல்லை. ஆக்ஸிலியரி என்ற பிரிட்டிஷ் துணைப் போலீஸ் படை ஏரி வழியாகக் கப்பலில் வந்து பிடித்துக் கில்லலூவுக்குக் கொண்டுபோனது. நள்ளிரவில் பாலத்தின் மேல் நான்கு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடப் பார்த்தார்கள் என்றது அரசுத் தரப்பு. கட்டி வைத்துச் சுட்டார்கள் என்றது ஊர். எழுத்தில் இருந்ததும் வாய்ப்பேச்சில் இருந்ததும் மோதிய இடம் அது, நான் ஊர் பக்கம்தான் நிற்பேன்.

தாவா:

நானும் அங்கேதான் நிற்பேன். நான்கு கைதிகளை நடு இரவில் ஏன் பாலத்துக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பில் நல்ல பதிலே இல்லை.

யாழ்வழி:

இப்போது பஞ்சத்துக்கு வருவம். கிளேரின் சனத்தொகை 1841ல் 2.86 லட்சம், 1851ல் 2.12 லட்சம். பத்து வருடத்தில் நாலில் ஒருவர் இல்லை. செத்தது பாதி, கப்பல் ஏறியது பாதி என்று வைத்தாலும் ஒவ்வொரு தெருவிலும் வீடு காலி. 2022லும் 1.28 லட்சம்தான், பழைய எண்ணிக்கையில் பாதிகூட இல்லை.

1945ல் அதே ஆணையம் பஞ்சம் பற்றித் தனிக் கேள்விப் பட்டியல் அனுப்பி நாடெங்கும் பதில் சேர்த்தது. அதில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒரு பதில்: 'எங்கட பக்கம் அவ்வளவு மோசமில்லை, அடுத்த கோயில் பங்கில்தான் கனபேர் செத்தவை.' அடுத்த பங்கில் போய்க் கேட்டால் அவர்களும் அதையே சொல்வார்கள்.

போடைக்கில் கஞ்சி ஊற்றியவள் எதிர்த்தாள், அதனால் பெயர் நிற்கிறது. பாலத்தில் செத்தவர்களுக்குப் பாட்டுக் கட்டினார்கள். பஞ்சத்தில் தப்பியவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரன் செத்தபோது எங்கள் வீட்டில் கொஞ்சம் மாவு இருந்தது என்றா? அவன் விட்டுப்போன நிலத்தை யார் எடுத்தது என்றா?

ஷானன்கரை:

@யாழ்வழி நான் தேடிக்கொண்டிருந்த இடம் இதுதான். இன்னொரு காரணமும் சேர்க்கலாம். மொத்தமாகச் செத்தது நிலமே இல்லாத கூலிக்காரர்கள், உருளைக்கிழங்கை மட்டும் நம்பியிருந்தவர்கள். அவர்கள் குடும்பமே இல்லாமல் போய்விட்டதால் கதை சொல்ல வீட்டில் ஆள் இல்லை. 1938ல் பள்ளிப் பிள்ளைக்குக் கதை சொன்ன தாத்தா, தப்பிய வீட்டுப் பேரன். அதோடு அந்தத் தலைமுறைகளுக்குள் வீட்டுப் பேச்சு ஐரிஷில் இருந்து ஆங்கிலத்துக்கு மாறியும் விட்டது. பிட்டி பேசியது ஐரிஷ். அவள் கதைகள் அந்த மாற்றத்தைத் தாண்டி வந்துவிட்டன, வேடிக்கையாக இருப்பதால். பட்டினிக் கதையை யார் இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

பிட்டியின் பல கதைகளையே பஞ்சத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் வைத்தியம் பார்த்த காலத்தின் நடுவில்தான் பஞ்சம் வந்தது. ஆனால் எழுத்தாளர் லேடி கிரகரி மலைக்கு அந்தப் பக்கம் கால்வேயில் தன் வீடான கூல் பார்க்கில் இருந்து ஃபீக்கிளுக்கு வந்து சேகரித்து, 1920ல் வெளியிட்ட கதைகளில் பஞ்சம் அநேகமாகத் தலைகாட்டாது. நோயாளி வருவான், குதிரை மிரளும், சாமியார் திட்டுவார். யாரும் பசியோடு வருவதில்லை.

மேகலா:

'ஃபேரிகள் கொண்டுபோய்விட்டார்கள்' என்று சொல்லப்படும் இளம் தாய்மார், குழந்தைகள் கதைகளை எடுத்துப் பாருங்கள். பசி அங்கே வேறு பெயரில் வந்திருக்கலாம்.

தாவா:

இருக்கலாம். நிரூபிக்க முடியாது.

நெடுஞ்சாலை:

அடுத்த கோடையில் லிமரிக் வருகிறேன். ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

ஷானன்கரை:

கார் எடுத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸை நம்ப வேண்டாம். கில்லலூவில் ஆரம்பியுங்கள், பழைய பாலத்தில் அந்த நான்கு பேருக்கும் கல் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து டூம்கிரேனி: 10ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம், பக்கத்தில் ரஹீன் காட்டில் ஆயிரம் வயது என்று சொல்லப்படும் பிரையன் போரு ஓக் மரம். பிறகு ஃபீக்கிள். ஆகஸ்டில் வந்தால் அங்கே இசை விழா, சாயங்காலம் எந்தக் குடிக்கடையில் நுழைந்தாலும் ஃபிடில் கேட்கும். பிட்டி இருந்த இடத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

குறும்பு:

போச்சீன் கிடைக்குமா? வைத்தியச் செலவுக்கு.

ஷானன்கரை:

@குறும்பு 1997 முதல் சட்டப்படியே கடையில் விற்கிறார்கள். லேபிள் ஒட்டி, வரி கட்டி. பிட்டி வீட்டுக்கு வந்தது அது இல்லை.